முன்னொட்டு

சஸெக்ஸில் சேற்றுக்கு முப்பது பேர் உண்டென்பார்கள்.
மார்ச் மாதத்து அந்தச் சனிக்கிழமை
நூலக வண்டி
அதில் நாலைந்தில் ஒரே நேரத்தில் புதைந்திருந்தது.

"இது கப்பர்," என்றான் பண்ணைக்காரன் ஹோட்லி.
இலை அழுகிக் கறுத்து நாறினால் கப்பர்.
"கண் தெரியவில்லையா, ஸ்லப்," என்றாள் அவன் மனைவி,
கெட்டியாய், கரண்டி நிற்கிற மாதிரி.
மாடு மிதித்துக் குழப்பியதற்கு இன்னொன்று இருக்குமே என்று
வேலிக்கு இந்தப் பக்கம் ஒருவரும் அந்தப் பக்கம் ஒருவருமாய்
யோசிக்க நின்றுவிட்டார்கள்.
டிராக்டர் கொண்டுவர ஆளில்லை.

டெஸ்மண்ட் ஃபன்னெல் ஸ்டியரிங்கில் தாடையை ஊன்றிக்கொண்டான்.
பின்னால், சமையல் புத்தகங்களுக்கும் அகராதிகளுக்கும் நடுவே
பிரையனி. ஒன்பது வயது.
மழைக்கோட்டைக் கழற்றவில்லை.
அவன் மனைவியின் மகள்.
அவன் மகள் என்று
இன்னும் யாரும் சொல்லிப் பார்க்கவில்லை.

சனிக்கிழமைகளில் கூட்டிப் போ, பழகட்டும்
என்பது ரோசமண்டின் யோசனை.
மூன்று மாதத்தில் இருவரும் பேசியது
ஒரு தபாலட்டையில் அடங்கும்.
அதிலும் பாதி, "கதவை மெதுவாக."

"விண்டோ என்றால் காற்றின் கண்ணாம்,"
என்றாள், அவனிடமல்ல, ஜன்னலிடம்.
"கப்பலில் வந்த நார்ஸ்காரர்கள் வைத்த பேர்.
அப்போது கண்ணாடி கிடையாது.
ஓட்டை வழியாகக் காற்று எட்டிப் பார்க்கும்."
பக்கம் திரும்பியது.
"டெய்சி, பகலின் கண்."

"எதைத் தொட்டாலும் கண்ணா," என்றான் டெஸ்மண்ட்.
அவள் சிரிக்கவில்லை.
அடுத்த பக்கம் கொஞ்சம் மெதுவாகத் திரும்பியது.

"லார்ட், ரொட்டிக்குக் காவல் இருப்பவன்.
லேடி, மாவு பிசைபவள்."
"ரொட்டியைக் கருக்குகிறவனுக்கு?"
"போடவில்லை."

"நைஸ் என்றால் ஒன்றும் தெரியாத ஆள்.
மிஸ் பென்ஃபோல்ட் என் ரிப்போர்ட்டில் எழுதியிருக்கிறாள், நைஸ் என்று.
சில்லி, ஆதியில் பாக்கியம் பெற்றவன்.
போன வாரம் நான் உங்களைச் சொன்னது
அந்த அர்த்தத்தில் இல்லை."

பிறகு சத்தமே இல்லை.
தகரக் கூரையில் மழை மட்டும் பேசியது.
கண்ணாடியில் பார்த்தான்:
ஒரு வரியில் அவள் விரல் நின்றிருந்தது.

எந்த வரி என்று தெரிந்தது அவனுக்கு.
பள்ளிப் படிவத்தில், அவன் பேருக்கு முன்னால்
அவள் எழுதி, இரண்டு முறை அடிக்கோடிட்டிருந்த சொல்.
படிக்கட்டு என்றே நினைத்திருந்தான்.
வீட்டுக்கு ஒரு படி கீழே.
பதினோரு அகராதிகளை ஊரூராய் ஓட்டுகிறவன்
ஒரு நாளும் எடுத்துப் பார்த்ததில்லை.

"படி இல்லையாம்," என்றாள்.
"எது?"
"ஸ்டெப். இது வேறு ஸ்டெப்.
பறிகொடுத்த என்று அர்த்தம்.
முதலில் குழந்தைக்குத்தான் ஒட்டினார்களாம்,
அப்பாவோ அம்மாவோ செத்த குழந்தைக்கு.
அப்புறம்தான் உங்களைப் போன்றவர்களுக்கும் ஒட்டிக்கொண்டது."

வெளியே ஹோட்லி குதித்தான்: "ஸ்டோச்! ஸ்டோச்!
மாடு மிதித்தது ஸ்டோச்!"

"அப்படியென்றால் அது என்னுடையது," என்றாள்.
"ஆமாம்."
"உங்கள் பேரில் இருக்கிறது."

வீட்டுக் கொக்கியில் கார்த்தின் எண்ணெய்த்துணிக் கோட்டு
இன்னும் தொங்குகிறது.
மூன்று மாதமாய் டெஸ்மண்ட் தன் கோட்டை
நாற்காலி முதுகில் போடுகிறான்.
ஈரம் சொட்டித் தரையில் ஒரு கறை.

"கனமா?" என்று கேட்டாள்.
பொய் சொல்ல வாயெடுத்தான்.
"இன்னும் தெரியவில்லை," என்றான்.
கணக்கு டீச்சர் போலத் தலையசைத்தாள்,
விடை தப்பு, வழிமுறை சரி என்பதுபோல.

ஹோட்லியின் மனைவி வண்டியோட்ட ஏறினாள்.
மற்றவர்கள் பின்னால் கை வைத்தார்கள்.
பிரையனியின் இடது பூட்ஸைச் சேறு உறிஞ்சிக்கொண்டது.
காலுறையோடு நின்று
முப்பத்தொன்றாவதாய் ஒரு பேர் வைத்தாள் அதற்கு.
சக்கரம் சுழன்ற இரைச்சலில் கேட்கவில்லை.
"என்ன சொன்னாய்?"
அவன் முகம் முழுக்க அந்தச் சொல் தெறித்திருந்தது.

"பேசாமல் தள்ளு," என்றாள்.

வண்டி அரையடி நகர்ந்தது.
மறுபடி புதைந்தது.